குலசேகரத்திலிருந்து பங்கு ஆய்வுக்கு: ஒரு பி.காம். பட்டதாரியின் முதல் மூன்று ஆண்டுகள்

2022-இல் நாகர்கோவிலில் உள்ள ஒரு கல்லூரியில் பி.காம். முடித்த ஒரு பெண், 2024 நவம்பரில் சென்னையில் வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்களுக்கு ஆய்வுப் பணி செய்து கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் இளநிலை ஆய்வாளராகச் சேர்ந்தார். கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்துக்கு அருகே அவருடைய தந்தைக்கு இரண்டு ஏக்கர் ரப்பர் தோட்டம் உண்டு; குடும்பத்தில் வணிகவியல் படித்த முதல் ஆள் அவர்தான். எம்.பி.ஏ. படிக்கவில்லை, சி.ஏ. தேர்வுப் பக்கம் போகவில்லை, சென்னையில் சிபாரிசு செய்ய யாருமில்லை. அவர் எந்தத் தகுதியை எந்த வரிசையில் பெற்றார், எது வேலைக்கு உதவியது, எது பணத்தையும் மாதங்களையும் மட்டும் எடுத்துக்கொண்டது என்பதே இந்த ஆய்வின் பொருள். அவ்வப்போது அவருக்கு ஆலோசனை சொன்ன அனுபவத்திலிருந்து இதை எழுதுகிறேன். அடையாளம் வெளிப்படாதிருக்க அவர் பெயரும் நிறுவனங்களின் பெயர்களும் தவிர்க்கப்பட்டுள்ளன.

கிளை அலுவலக வேலையும் ஆய்வு வேலையும்

பட்டம் பெற்றதும் அவரும் நம் மாவட்டத்தின் வழக்கமான பாதையில்தான் நடந்தார். ஓராண்டு வங்கித் தேர்வுக்கான பயிற்சி. இரண்டு தேர்வுகளில் முதல்நிலை தேறி முதன்மைத் தேர்வில் நின்றுபோனது. "மக்களே, இன்னும் ஒரு தடவ எழுதிப் பாரு, கவர்மென்ட் பேங்கு வேலைன்னா கல்யாணத்துக்கும் நல்லது" என்ற மாமாவின் அறிவுரை. 2023-இல் நாகர்கோவிலில் ஒரு பங்குத் தரகு நிறுவனத்தின் கிளையில் இடம் கிடைத்தபோது, அதுவே முதலீட்டுத் துறைக்குள் நுழைவு என்று அவரும் வீட்டாரும் எண்ணினார்கள்.

அந்த எண்ணம் பாதி மட்டுமே சரி. கிளையில் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்க உதவும் டீமேட் கணக்கைத் தொடங்கிக் கொடுப்பது, வாடிக்கையாளர் தொலைபேசியில் சொல்லும் ஆர்டரைப் பதிவது, மாத இலக்கை எட்டுவது ஆகியவை. தலைமை அலுவலகத்திலிருந்து வரும் ஆய்வறிக்கைகளை வாடிக்கையாளருக்கு அனுப்பும் இடத்தில் அவர் இருந்தார். அவற்றை எழுதும் இடம் வேறு ஊரில், வேறு தகுதிகளோடு இருந்தது. தரகுக் கிளை, மியூச்சுவல் ஃபண்டு விநியோகம், காப்பீட்டு முகமை ஆகியவை விற்பனைத் தொழில்கள். அவற்றில் நேர்மையாகவும் நன்றாகவும் பிழைக்கலாம். ஆனால் ஒரு நிறுவனத்தின் கணக்கைப் பிரித்துப் பார்த்து அதன் மதிப்பு இவ்வளவு என்று காரணத்தோடு எழுதும் ஆய்வாளர் வேலைக்கு அவை தாமாக இட்டுச் செல்வதில்லை. ஆய்வாளருக்கான இடங்கள் தரகு நிறுவனங்களின் ஆய்வுப் பிரிவு, மியூச்சுவல் ஃபண்டு மற்றும் காப்பீட்டு நிறுவனங்களின் முதலீட்டுப் பிரிவு, கடன் தரமதிப்பீட்டு நிறுவனங்கள், உலக நிறுவனங்களுக்குப் பணி செய்து கொடுக்கும் ஆய்வு மையங்கள் என்ற நான்கு வகைக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். முதல் மூன்றும் மும்பையில் குவிந்துள்ளன. நான்காவது வகைதான் சென்னை, பெங்களூரு வரை பரவியிருக்கிறது. நாகர்கோவிலில் இருந்துகொண்டு முதல் ஆய்வு வேலையைத் தேடுவது வீண் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

கிளையில் கழிந்த மாதங்கள் அவருக்கு ஒன்றை மட்டும் தந்தன. வாடிக்கையாளர்கள் ஏன் வாங்குகிறார்கள், ஏன் பயந்து விற்கிறார்கள் என்பதை அவர் தினமும் காதால் கேட்டார். அதே காலத்தில், கைநிறையக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரைபடத்தைப் பார்த்து வாங்கவும் விற்கவும் கற்றுத் தரும் ஒரு வார இறுதி வகுப்பிலும் சேர்ந்தார். வகுப்பு முடிந்தபோது அவர் கையில் ஒரு சான்றிதழ் இருந்தது. பின்னாளில் எந்த நேர்காணலிலும் அதைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

எந்தத் தேர்வு முதலில்

முதலீட்டு ஆய்வுத் துறையினருக்கான உலகளாவிய தகுதியான சி.எஃப்.ஏ.-வின் பெயரை அவர் கிளை மேலாளரிடமிருந்து கேள்விப்பட்டார். அமெரிக்காவின் விர்ஜீனியா மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சி.எஃப்.ஏ. நிறுவனம் நடத்தும் இத்தேர்வு மூன்று நிலைகளைக் கொண்டது. முதல் தேர்வு 1963-இல் நடந்தது. முதல் நிலையில் 180 கேள்விகள், ஒவ்வொன்றும் இரண்டேகால் மணி நேரம் கொண்ட இரண்டு அமர்வுகளில் கேட்கப்படுகின்றன. ஒரு நிலைக்கு ஏறத்தாழ 300 மணி நேரப் படிப்பு தேவை என்பது அந்நிறுவனமே சொல்லும் அளவு. அப்படிப் படித்து எழுதுபவர்களிலும் முதல் நிலையில் பாதிக்கும் குறைவானவர்களே அண்மை ஆண்டுகளில் தேறியிருக்கிறார்கள். பட்டப்படிப்பின் கடைசிக் கட்டத்தில், அதாவது படிப்பு முடிய 23 மாதங்களுக்குள் இருப்பவரும் முதல் நிலையை எழுதலாம் என்பதால் கல்லூரி மாணவர்கள் சிலர் அவசரப்பட்டுப் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள்.

அந்தப் பணத்தின் கனத்தை இந்த வீட்டின் கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். அப்போது முன்கூட்டியே பதிவு செய்பவருக்கே ஒரு நிலையின் தேர்வுக் கட்டணம் ஏறத்தாழ ஆயிரம் டாலராக இருந்தது. டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால் 85,000 ரூபாய். ரப்பர் ஷீட் கிலோ 200 ரூபாய்க்குப் போகும் நல்ல காலத்தில்கூட அது 425 கிலோ ஷீட்டின் விலை. ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 1,400 முதல் 1,500 கிலோ வரை என்ற பொதுவான விளைச்சலை எடுத்துக்கொண்டால், இரண்டு ஏக்கரில் ஆண்டு முழுவதும் கிடைப்பது ஏறத்தாழ 1,150 கிலோ. பால்வெட்டுக் கூலி, உரம், மழைக்காப்பு எதையும் கழிக்காமலேயே ஆண்டு விளைச்சலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே ஒரு தேர்வின் ஒரே ஒரு நிலைக்குப் போய்விடும். கட்டணச் சலுகை தரும் உதவித்தொகைத் திட்டங்களை அந்நிறுவனமே வைத்திருக்கிறது. அவற்றுக்கு முன்கூட்டி விண்ணப்பிக்க வேண்டும் என்பது நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் காலங்கடந்தே தெரியவருகிறது.

இந்தக் கணக்கை அவரே ஒரு தாளில் போட்டுப் பார்த்தபின் முடிவை மாற்றிக்கொண்டார். பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி 2006-இல் தொடங்கிய கல்வி நிறுவனமான என்.ஐ.எஸ்.எம். நடத்தும் தேர்வுகளில் பதினைந்தாம் வரிசை ஆய்வாளருக்கானது. இரண்டு மணி நேரம், 100 மதிப்பெண், தேற 60 வேண்டும், தவறான விடைக்குக் கால் பங்கு மதிப்பெண் குறையும். கட்டணம் 1,500 ரூபாய் அளவில். சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். பாடநூலில் பொருளாதாரச் சூழல், தொழில்துறைப் பகுப்பாய்வு, நிதியறிக்கை வாசிப்பு, மதிப்பீட்டு முறைகள், ஆய்வறிக்கையின் ஒழுங்கு விதிகள் எல்லாம் சுருக்கமாக உள்ளன. வேலைக்குப் போய்க்கொண்டே படித்து 2024-இன் தொடக்கத்தில் அவர் தேறினார். இத்தேர்வு மட்டுமே யாரையும் ஆய்வாளர் ஆக்கிவிடாது என்றாலும், இந்தத் துறை தனக்குப் பிடிக்குமா, ஒரு நிறுவனத்தின் இருநூறு பக்க ஆண்டறிக்கையைச் சலிக்காமல் வாசிக்க முடியுமா என்பதைச் சில ஆயிரம் ரூபாய்ச் செலவில் சோதித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான வாய்ப்பு இல்லை. சி.எஃப்.ஏ.-வை முதலில் வைக்காமல் இதை முதலில் வைத்ததே இவர் எடுத்த சரியான முடிவுகளில் தலையாயது என்பது என் கணிப்பு.

2024-இன் விதி மாற்றம்

என்.ஐ.எஸ்.எம். சான்றிதழோடு அவர் மும்பைத் தரகு நிறுவனங்கள் இரண்டுக்கு விண்ணப்பித்தார், இரண்டும் மறுத்துவிட்டன. ஊர்ப்பெயரைப் பார்த்தோ ஆங்கிலத்தைப் பார்த்தோ மறுத்தார்கள் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். உண்மையில் அப்போது நடைமுறையில் இருந்த செபி ஆய்வாளர் ஒழுங்குமுறை விதிகள், 2014-இன்படி, ஆய்வாளராகப் பணியாற்ற நிதி, கணக்கியல், வணிகம் போன்ற துறையில் முதுகலைப் பட்டமோ தொழில்முறைத் தகுதியோ வேண்டும். வெறும் இளநிலைப் பட்டம் இருந்தால் ஐந்தாண்டு அனுபவம் வேண்டும். இவரிடம் இரண்டும் இல்லை.

2024 டிசம்பரில் செபி இந்த விதியைத் தளர்த்தியது. தொடர்புடைய துறையில் இளநிலைப் பட்டமே போதும் என்றாகி, அனுபவக் கட்டாயமும் நீங்கியது. தனியாகப் பதிவு செய்து ஆய்வுச் சேவை நடத்த விரும்புபவருக்கு இருந்த நிகர மதிப்பு நிபந்தனைக்குப் பதிலாக, வாடிக்கையாளர் எண்ணிக்கையைப் பொறுத்து வைப்புத்தொகை என்ற முறை வந்தது. 150 பேர் வரை ஒரு லட்சம் ரூபாயில் தொடங்கி, ஆயிரம் பேருக்கு மேல் போனால் பத்து லட்சம் வரை அது உயர்கிறது. இன்று பி.காம். முடித்து வெளியே வருபவருக்கு இந்த வாசல் திறந்திருக்கிறது. இவருக்கு அப்போது மூடியிருந்தது. அதனால்தான் நான்காவது வகை நிறுவனத்தை, அதாவது வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஆய்வாளருக்குத் துணைநிற்கும் பணியை அவர் நாட வேண்டியதாயிற்று. பழைய விதியை மனத்தில் வைத்துக்கொண்டு, எம்.காம். முடித்தால்தான் ஆய்வாளராக முடியும் என்று இன்றும் அறிவுரை சொல்பவர்கள் நம் கல்லூரிகளில் இருக்கிறார்கள்.

டயர் நிறுவனத்தின் மீது ஓர் அறிக்கை

ஆய்வு மையங்களின் விண்ணப்பப் படிவத்தில் ‘எழுதிய அறிக்கையின் மாதிரி’ கேட்கப்பட்டிருந்தது. அவரிடம் அப்படி ஒன்று இல்லை. எந்த நிறுவனத்தை எடுத்துக்கொள்வது என்று என்னிடம் கேட்டபோது, செய்தித்தாளில் தினமும் அடிபடும் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தையோ தனியார் வங்கியையோ எடுக்க வேண்டாம், வீட்டு முற்றத்தில் உலரும் பொருளை வாங்கும் நிறுவனத்தை எடுங்கள் என்றேன். பட்டியலிடப்பட்ட டயர் நிறுவனங்களில் ஒன்றை அவர் தேர்ந்துகொண்டார்.

காலமும் பொருந்தி வந்தது. புகையிட்டு உலர்த்திய ஷீட்டில் ஆர்.எஸ்.எஸ். 4 என்ற தரத்தின் விலை 2011-இல் கிலோ 240 ரூபாய் அளவுக்கு ஏறி, 2016-இன் தொடக்கத்தில் 100 ரூபாய்க்குக் கீழே விழுந்து, பல ஆண்டுகள் அடிமட்டத்திலேயே கிடந்தது. அந்த ஆண்டுகளில் தோட்டத்தைப் பால்வெட்டாமல் போட்டுவைத்தவர்கள் அருமனை, கடையாலுமூடு பக்கம் பலர். 2023 இறுதியில் 150 ரூபாய் அளவில் இருந்த விலை, 2024 ஆகஸ்டில் 2011-இன் உச்சத்தையே தாண்டியது.

முதல் வரைவு பதினெட்டுப் பக்கம். அதில் பாதி ரப்பரைப் பற்றியது. பால் உறைய வைப்பது, ரோலரில் வரிவரியாக அழுத்துவது, புகைக்கூடம், ஒட்டுப்பால் தனியே போவது எல்லாம் இருந்தன. குலசேகரம் சந்தையில் வியாபாரி ஒருவர் ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, உள்ளே குமிழும் கறையும் இருக்கிறதா என்று பார்த்துத் தரம் பிரித்ததையும் அவர் எழுதியிருந்தார். அதே வியாபாரியிடம் விலை எப்படி முடிவாகிறது என்று கேட்டதற்கு, "விலைய நாங்க போடல மக்களே, கோட்டயத்துல இருந்து வருது" என்று பதில் வந்திருக்கிறது. கோட்டயத்தில் உள்ள ரப்பர் வாரியம் தினமும் வெளியிடும் விலையையே அவர் சொன்னார். நல்ல கவனிப்புதான், ஆனால் அறிக்கை, ரப்பர் விலை ஏறியதால் டயர் நிறுவனத்தின் லாபம் குறையும், எனவே பங்கை விற்கலாம் என்று மூன்று வரியில் முடிந்துவிட்டது. இந்த மூன்று வரி சந்தையில் எல்லோருக்கும் தெரிந்தது. எல்லோருக்கும் தெரிந்தது ஏற்கெனவே பங்கின் விலைக்குள் போயிருக்கும் என்பதே ஆய்வாளரின் முதல் சந்தேகமாக இருக்க வேண்டும்.

இரண்டாம் வரைவுக்கு அவரிடம் நான்கு கேள்விகள் வைக்கப்பட்டன. விற்பனையில் மூலப்பொருள் எவ்வளவு, அதில் இயற்கை ரப்பர் எவ்வளவு? கிடங்கில் எத்தனை நாள் இருப்பு இருக்கிறது? விலையேற்றத்தை யாரிடம், எவ்வளவு காலதாமதத்தில் கைமாற்ற முடியும்? உள்நாட்டு விலை ஏறும்போது நிறுவனம் வெளியிலிருந்து வாங்கிவிடாதா?

இவற்றுக்கான விடைகளைத் தேடியபோதுதான் அவர் ஆய்வு என்ற வேலையைத் தொட்டார். ஆண்டறிக்கையின் குறிப்புகள் பகுதியில் இருப்பு என்ற தலைப்பின் கீழ் மூலப்பொருள் இருப்பு தனியாகத் தரப்பட்டிருக்கும்; அதை ஆண்டின் மூலப்பொருள் செலவால் வகுத்து 365-ஆல் பெருக்கினால் இருப்பு நாட்கள் கிடைக்கும். ஐந்தாண்டு அறிக்கைகளில் அந்த எண்ணைத் தொகுத்தபோது, விலையேற்றத்தின் வலி அதே காலாண்டில் முழுதாகத் தெரியாது, பெரும்பங்கு அடுத்த காலாண்டில்தான் இறங்கும் என்று அவருக்குப் புலப்பட்டது. காலாண்டு முடிவுகளுக்குப் பின் நிர்வாகத்தினர் ஆய்வாளர்களோடும் முதலீட்டாளர்களோடும் நடத்தும் தொலைபேசிக் கூட்டங்களின் எழுத்துவடிவம் பங்குச் சந்தைகளின் இணையதளங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. அவற்றை வரிசையாக வாசித்து, வாகன உற்பத்தி நிறுவனங்களுக்குப் போகும் டயருக்கு மூலப்பொருள் விலையோடு இணைந்த ஒப்பந்தம் இருப்பதையும், கடையில் விற்கும் மாற்று டயருக்குப் போட்டியைப் பார்த்துத்தான் விலை ஏற்ற முடியும் என்பதையும் குறித்துக்கொண்டார்.

நான்காவது கேள்வி அவரைக் குலசேகரத்தை விட்டு வெளியே கொண்டுபோனது. 2023-24-இல் இந்தியாவின் இயற்கை ரப்பர் உற்பத்தி ஏறத்தாழ 8.5 லட்சம் டன்; நுகர்வு 14 லட்சம் டன்னுக்கும் மேல். இடைவெளியை இறக்குமதி நிரப்புகிறது. உலர் ரப்பருக்கு 25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், இதில் எது குறைவோ அது சுங்கவரி. அப்படியென்றால் உலகச் சந்தை விலையாகக் கொள்ளப்படும் பாங்காக் விலையோடு இந்த வரியையும் கப்பல் செலவையும் கூட்டிய தொகைதான் உள்நாட்டு விலை நீண்டகாலம் தாண்டி நிற்க முடியாத வரம்பு. தந்தை விற்கும் ஷீட்டின் விலைக்கும் ஓர் உச்சவரம்பு இருக்கிறது என்பது அந்த வீட்டில் முதன்முறையாகப் பேசப்பட்டது அப்போதுதான்.

எக்செல்லில் அவர் கட்டிய கணக்கு எளிமையானது. விற்பனையை 100 என்று வைத்து, மூலப்பொருள் 60 சொச்சம், அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 20 ரூபாய், இயற்கை ரப்பர் என்று கொண்டார். வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய லாபம் 16 என்றால், ரப்பர் விலை 20 சதவீதம் ஏறும்போது செலவு 4 ரூபாய் கூடி லாபம் 12-க்கு வரும். நூற்றுக்கு நான்கு என்று பார்த்தால் சிறிது, பதினாறில் நான்கு என்று பார்த்தால் லாபத்தில் கால் பங்கு. ஏற்றத்தில் பாதியை ஒரு காலாண்டுத் தாமதத்தில் விலையில் மீட்டால் என்ன, கச்சா எண்ணெய் சார்ந்த செயற்கை ரப்பரும், டயரில் சேர்க்கும் கரித்தூளான கார்பன் பிளாக்கும் அதே சமயம் மலிந்தால் என்ன என்று மூன்று நிலைகளில் அதே கணக்கை ஓட்டினார். முடிவில் ‘விற்கலாம்’ என்ற சொல் போய், ‘அடுத்த இரு காலாண்டுகளில் லாபம் சுருங்கும், அதன்பின் மீளும், இன்றைய விலை சுருக்கத்தை மட்டும் கணக்கில் எடுத்திருக்கிறது’ என்ற நிலைப்பாடு வந்தது. அறிக்கை ஒன்பது பக்கமாகச் சுருங்கியது. ஒவ்வொரு எண்ணுக்கும் எந்த ஆண்டறிக்கை, எந்தப் பக்கம் என்ற குறிப்பு இருந்தது. புகைக்கூடம் ஒரு பத்தியாகக் குறைந்தது. அதை வெட்டியதில் அவருக்கு வருத்தம் என்று தெரியும்.

குறைகளும் உண்டு. மதிப்பீட்டுக்கு விலை-வருவாய் விகிதத்தை, அதாவது பங்கின் விலை ஒரு பங்குக்கான லாபத்தைப் போல் எத்தனை மடங்கு என்பதை மட்டுமே நம்பியிருந்தார். எதிர்காலப் பணவரவைக் கழிவு செய்து மதிப்பிடும் முறையை முயலவில்லை. தொடர்புடைய தரப்பினரோடான பரிவர்த்தனைகள், எதிர்பாராப் பொறுப்புகள் ஆகிய குறிப்புகளை வாசித்ததாக அறிக்கையில் அடையாளம் இல்லை. புதியவரிடம் இந்த இரண்டாவது குறையையே நான் பெரிதாக நினைப்பேன். கூட்டல் பிழையை எக்செல் காட்டிக்கொடுத்துவிடும். குறிப்புகளில் ஒளிந்திருப்பதைக் கண்ணால் வாசித்தால் மட்டுமே காண முடியும்.

நேர்காணல்

சென்னை நேர்காணலில் ஏறக்குறைய முழு நேரமும் இந்த அறிக்கையைச் சுற்றியே போனது. இருப்பு நாட்களைக் கணக்கிட விற்பனையை எடுக்காமல் மூலப்பொருள் செலவை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டார்கள், சொல்ல முடிந்தது. இன்னொரு கேள்வி எளிமையான பொறி. எம்.ஆர்.எஃப். பங்கு 2023 ஜூனில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியதே, அது மற்ற டயர் பங்குகளைவிட விலை உயர்ந்ததா? அந்நிறுவனத்துக்கு ஏறத்தாழ 42.4 லட்சம் பங்குகள் மட்டுமே உள்ளன, எனவே ஒரு லட்சம் என்ற விலையில் முழு நிறுவனத்தின் சந்தை மதிப்பு 42,400 கோடி ரூபாய்; அதை லாபத்தோடு ஒப்பிட்ட பிறகே விலை உயர்வா மலிவா என்று சொல்ல முடியும் என்று அவர் விடை சொன்னார். ஒரு லட்ச ரூபாய்ப் பங்கை வாங்க முடியாதவர்கள் பத்து ரூபாய்ப் பங்கை ‘மலிவு’ என்று வாங்கியதைக் கிளையில் நாள்தோறும் பார்த்தவருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல.

உங்கள் குடும்பத்தில் யாரிடமாவது இந்தப் பங்கு இருக்கிறதா என்பது கடைசிக் கேள்வி. பதிவு பெற்ற ஆய்வாளர், தாம் பரிந்துரைக்கும் பங்கில் அறிக்கை வெளியாவதற்கு 30 நாள் முன்பிருந்து வெளியான ஐந்து நாள் வரை வணிகம் செய்யக்கூடாது என்பது செபி விதி. நலமுரண், அதாவது ஆய்வாளரின் சொந்த நலன் குறுக்கிடும் நிலை, எதுவானாலும் அறிக்கையிலேயே வெளிப்படுத்த வேண்டும். மாதிரி அறிக்கைக்கு அந்த விதி பொருந்தாவிட்டாலும், தந்தை ரப்பர் விற்பவர் என்பதை அவர் கடைசிப் பக்கத்தில் குறித்திருந்தார். இந்த ஒரு வரி தேர்வாளர்களுக்குப் பிடித்திருந்ததாகப் பின்னர் சொன்னார்களாம்.

இப்போதைய நிலை

சி.எஃப்.ஏ. முதல் நிலைக்கு அவர் பணம் கட்டியது வேலையில் சேர்ந்த பிறகே. தேறினால் கட்டணத்தைத் திருப்பித் தரும் வழக்கம் அந்த நிறுவனத்தில் இருந்தது. 2025 ஆகஸ்டில் தேறினார். நிதியறிக்கை வாசிப்பு எளிதாகவும், கடன் பத்திரமும் டெரிவேட்டிவ் எனப்படும் வழிப்பத்திரங்களும் கடினமாகவும் இருந்தன. அனுமதிக்கப்பட்ட இரண்டு வகைக் கணிப்பான்களில் ஒன்றைத் தேர்வுக்குச் சில நாட்களுக்கு முன் வாங்கியது தவறு, அதில் கை பழகவே தனிக் காலம் வேண்டும் என்கிறார். தேறியதும் சுயவிவரத்தில் தம் பெயருக்குப் பின்னால் சி.எஃப்.ஏ. என்றும் அடைப்புக்குள் முதல் நிலை என்றும் போட்டிருந்ததை நீக்கச் சொன்னேன். முதல் நிலை தேறியதாகக் குறிப்பிடலாம். பட்டம்போல் பெயரோடு ஒட்ட அந்நிறுவனத்தின் ஒழுங்கு விதிகள் அனுமதிப்பதில்லை.

மூன்று நிலைகளும் தேறினாலும் முழுத் தகுதிக்கு 4,000 மணி நேர வேலை அனுபவம் வேண்டும். அது குறைந்தது 36 மாதங்களில் பரவியிருக்கவும் வேண்டும். முதலீட்டு முடிவோடு நேரடித் தொடர்புள்ள பணி மட்டுமே சேரும் என்பதால், நாகர்கோவில் கிளையில் கணக்குத் தொடங்கிக் கொடுத்த காலம் இதில் சேராது. சென்னையில் சேர்ந்த நாளிலிருந்து கணக்கிட்டால் 2027 நவம்பருக்கு முன் அந்த நிபந்தனை நிறைவேறாது. இடையில் எம்.பி.ஏ. போகலாமா என்று வீட்டில் மறுபடியும் பேச்சு எழுந்திருக்கிறது. இரண்டாண்டு சம்பளத்தையும் கல்விக் கடனையும் ஒரு பக்கமும், இரண்டாம் நிலைக் கட்டணத்தை மறுபக்கமும் வைத்து அவர் ஓர் எக்செல் தாளை அனுப்பியிருக்கிறார்; அதில் வட்டி விகிதத்தை எங்கிருந்து எடுத்தார் என்ற குறிப்பு இல்லாததால் திருப்பி அனுப்பியுள்ளேன்.